அப்பாவின் பழைய படங்களுக்குக் கொரிய வசனவரியை மீட்பது

சியோலில் எங்கள் வீட்டு ஞாயிறு இரவு அப்பா சேர்த்துவைத்த பழைய வெளிநாட்டுப் படங்களுக்கானது. வசனவரியெல்லாம் எஸ்எம்ஐ (.smi) என்ற வசனவரி வடிவக் கோப்புகள். இன்றைய டிவியில் அவை கிறுக்கலாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். கோப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிபி949 (CP949) என்ற பழைய கொரியக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில், எழுதியதை டிவி இன்று பொதுவான யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கம் என்று படிக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் நகல் எடுங்கள். நகலை விஎஸ் கோட் (VS Code) என்ற உரைத் திருத்தியில் திறந்து, கீழ்ப்பட்டையில் குறியாக்கத்தின் பெயரைச் சொடுக்கி, இயூசி-கேஆர் (EUC-KR; சிபி949 கோப்புக்கும் அங்கே இதையே தேர்ந்தெடுக்க வேண்டும்) ஆக மீண்டும் திறக்கவும். ஹங்குல் (கொரிய எழுத்து) ஒழுங்காகத் தெரிந்த பிறகே யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே சேமித்தால் அந்த எழுத்துகள் திரும்பாது. இந்த வரிசையை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள்.

அப்புறம், கோப்புக்குப் படத்தின் பெயரையே வையுங்கள். அம்மாவுக்காக எழுத்தையும் பெரிதாக்கிவிடுங்கள். அவர் கண்ணைச் சுருக்காமல் படிப்பதைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.