நாய் நிற்கும் வாசலில் போலீஸ்: அரை நாள் பயிற்சி நடத்துவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் ரோந்து போகிறவர் மூன்று வகை நாயைப் பார்ப்பார்: லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சங்கிலியில் கிடப்பது, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக் கேட்டுக்குள் சுற்றுவது, செம்பனை ஓரத்தில் கூட்டமாகத் திரிவது. கடி வாங்குவது பெரும்பாலும் முரட்டு நாயால் அல்ல, நாய் இருப்பதே தெரியாமல் உள்ளே கால் வைப்பதால்.

தேவையானவை: பத்துப் பன்னிரண்டு பேர், 3 மீட்டர் கயிறு, ஒரு முளைக்குச்சி, துணிப் பொம்மை நாய், கிளிப்போர்டு, பழைய குடை. முதல் நாளே உயிருள்ள நாயைக் கொண்டுவர வேண்டாம். நாயைத் தொடும் பாடம் எதுவுமே இதில் இல்லை. முஸ்லிம் அதிகாரிகளுக்கு இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

படி 1: கேட்டுக்கு வெளியே

தண்ணீர்ச் சட்டி, கடித்த எலும்பு, காய்ந்த மலம், ‘அவாஸ் அன்ஜிங்’ (மலாயில் ‘நாய் ஜாக்கிரதை’) பலகை இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பிறகு கேட்டை ஆட்டி, விசிலடித்து, அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். தூங்கும் நாய் கேட்டுச் சத்தத்தில் விழிக்கட்டும், உங்கள் காலடியில் விழிக்க வேண்டாம். வீட்டுக்காரர் வந்தால் நாயை அறையில் விட்டுக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். “நான் பிடிச்சிருக்கேன், வாங்க சார்” என்பதை நம்பக்கூடாது; கழுத்துப்பட்டை கையைவிட்டு நழுவும்.

படி 2: சங்கிலியின் எல்லை

கட்டிய நாயைச் சுற்றிப் புல் முளைக்காத வட்டம் இருக்கும். அதுவே அது எட்டும் தூரம். முளையடித்துக் கயிற்றில் பொம்மையைக் கட்டி, ‘பாதுகாப்பான இடத்தில்’ ஒவ்வொருவரையும் நிற்கச் சொல்லுங்கள். பிறகு பொம்மையை இழுத்துக் காட்டுங்கள். கயிற்று நீளத்தை மட்டும் கணக்குப் போட்டு, கழுத்துக்கு முன்னால் வாய் இருப்பதை மறந்தவர்கள் அங்கேயே மாட்டுவார்கள். ஒரு மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். சங்கிலி நீளக் கம்பியில் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்போது எல்லை வட்டமல்ல, முற்றம் முழுக்க நீளும் பட்டை.

படி 3: உடம்பைப் படிப்பது

குரைத்துக்கொண்டே முன்னும் பின்னும் ஓடுவது பெரும்பாலும் விரட்டப் பார்க்கிறது. சத்தமில்லாமல், உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் பார்ப்பதுதான் ஆபத்து. வாலாட்டினால் நட்பு என்பது தவறு: உயரத் தூக்கிய விறைப்பான வால் எச்சரிக்கை. வாயை நக்குவதும், கொட்டாவியும், கண்ணின் வெள்ளை தெரிவதும் பயம். மூலையில் சிக்கிய பயந்த நாய் கடிக்கும். அது ஓட வழி விடுங்கள்.

படி 4: நிற்பதும் பின்வாங்குவதும்

பக்கவாட்டில் திரும்பி, பார்வையை அதன் காலடியில் வைத்து, முதுகு காட்டாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். ஓடினால் துரத்தும். பாய்ந்தால் கிளிப்போர்டை அதன் வாய்க்குக் கொடுங்கள். குடையைச் சட்டென விரித்துக் கேடயமாகப் பிடிக்கலாம். வீசி அடித்தால் வெறி கூடும். கீழே விழுந்தால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூட வேண்டும்.

மோட்டார் சைக்கிளை நாய் துரத்தினால் வேகம் கூட்டத் தோன்றும். செம்மண் ரோட்டில் அதில்தான் விழுவார்கள். வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் மோட்டார் இருக்கும்படி இறங்குங்கள்.

துப்பாக்கி கடைசி. லயத்துப் பலகைச் சுவர் குண்டைத் தடுக்காது, சிமெண்டுத் தரை தெறிக்க வைக்கும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2013இல் போலீசாருக்கு இத்தகைய பயிற்சியைச் சட்டமாகவே ஆக்கியது.

படி 5: கடித்துவிட்டால்

ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே கிளினிக். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் வந்ததால் ‘சின்னக் கீறல்தானே’ என்று விடமுடியாது. நாயின் நிறம், வீட்டு எண், தடுப்பூசி அட்டை விவரத்தைக் குறித்துக் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். நாயைக் கொல்லக்கூடாது, 10 நாள் கண்காணிக்க அது உயிரோடு வேண்டும். செத்துவிட்டால் தலையைச் சிதைக்காதீர்கள், பரிசோதனை மூளையில்தான் நடக்கும்.