இதய பம்ப் ஆய்வைப் படிப்பது எப்படி?

தங்கை பேரனுக்கு இதயத்தசை நோய் என்றதும் குடும்ப வாட்ஸ்அப்பில், பலவீனமான இதயத்துக்குத் துணையாக ரத்தத்தை இறைக்கும் பம்ப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் நூலகத்தில் உட்கார்ந்து நான் அவற்றைப் படிக்கும் முறை இது.

முடிவுரைக்குத் தாவாதீர்கள். யாரை வைத்து ஆய்வு செய்தார்கள் என்று முதலில் பாருங்கள். பெர்லின் ஹார்ட் என்ற பம்ப் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வில் 48 பிள்ளைகள்தான். உடல் பரப்பளவை வைத்து இரண்டு குழுக்கள். அதனால் பிள்ளையின் எடை, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் குழுவுக்கு நெருக்கம் என்று மருத்துவரிடம் கேட்கலாம். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வும் அல்ல, எக்மோவில் (ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி) இருந்த பிள்ளைகளின் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டார்கள்.

அப்புறம் பக்கவிளைவு அட்டவணை. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் உயிர்நாடி. எக்மோவைவிடப் பிழைத்தவர்கள் அதிகம், சரி. ஆனால் பம்ப் பொருத்திய இரு குழுவிலும் 29 விழுக்காட்டினருக்குப் பக்கவாதம் வந்தது. பம்ப்பில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து வேண்டும். அது கூடினால் ரத்தக்கசிவு. ஆகவே கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைச் சந்திப்பில் நேராகக் கேளுங்கள்: "டாக்டர், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து முறை 2012 ஆய்வுக்குப் பிறகு எப்படி மாறியிருக்கிறது? பம்ப் மாற்று இதயம் கிடைக்கும்வரைக்கா, சொந்த இதயம் தேறும்வரைக்கா?"

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிலைக் குறிக்க இன்னொருவரையும் கூட்டிப் போவது நல்லது.