மலையில் ஒரு நாள் சைக்கிள் போட்டி: தேர்வு செய்யும்போது எங்கே தவறுகிறோம்

மவுண்டன் பைக் வாங்கி இரண்டு வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும். வெளிநாட்டு மலை ஒன்றில், காலையில் கிளம்பி மாலைக்குள் முடிக்கும் பெரிய போட்டி ஒன்றிலாவது கலந்துகொள்ள வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது தூரத்தை மட்டும். “86 கிலோமீட்டர்தானே? ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் போய்த் திரும்பினாலே நூறு வந்துவிடுமே” என்று கணக்குப் போட்டு, கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த 86 கிலோமீட்டர் இத்தாலியின் டோலமைட்ஸ் மலையில், செல்வா வால் கார்டேனா என்ற ஊரில் தொடங்கும் ஹீரோ போட்டியின் நீண்ட பாதை. அதில் ஏற வேண்டிய மொத்த உயரம் சுமார் 4,500 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறினால் 1,900 மீட்டர் வரும். அப்படியென்றால் ஒரே நாளில் ஊட்டிக்கு இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு, மூன்றாவது முறையும் கிளம்பி பர்லியாரைத் தாண்டிப் போக வேண்டும். அதுவும் தார் ரோட்டில் அல்ல, மண்ணிலும் சரளைக் கல்லிலும்.

அதனால் எந்தப் போட்டியைப் பார்த்தாலும் முதலில் ஒரு வகுத்தல் செய்யுங்கள். மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்தால், ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்று தெரியும். ஹீரோவில் அது 52. சுவிட்சர்லாந்தில் வெர்பியேவிலிருந்து கிரிமென்ட்ஸ் வரை போகும் கிராண்ட் ரெய்ட் 125 கிலோமீட்டர், 5,000 மீட்டர், அங்கே 40. ஆஸ்திரியாவின் பாட் கோய்செர்னில் நடக்கும் சால்ஸ்காமர்கூட் டிராஃபியின் மிக நீண்ட பாதை 210 கிலோமீட்டர், 7,000 மீட்டருக்கு மேல், அங்கே 33. அமெரிக்காவின் கொலராடோவில் 1994 முதல் நடந்துவரும் லெட்வில் 100 ஏறத்தாழ 168 கிலோமீட்டர், 3,500 மீட்டர். அது வெறும் 21. தூரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் கடைசியில் வரும் ஹீரோ, இந்தக் கணக்கில் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

அடுத்து உங்கள் பக்கத்துக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் நீங்கள் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள்? கிலோமீட்டர் வேகம் மலையில் எதையும் சொல்லாது. இந்த எண்தான் சொல்லும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஏற்றம் ஒன்றை, மூச்சு வாங்காத வேகத்தில் ஏறிப் பாருங்கள். 600 மீட்டர் என்று வந்தால், ஹீரோவின் 4,500 மீட்டருக்கு ஏற்றத்துக்கு மட்டுமே ஏழரை மணி நேரம் ஆகும். கடைசி ஏற்றங்களில் வேகம் குறையும், அதற்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். இறக்கங்கள், தண்ணீர் பிடிக்கும் நேரம், ஒரு பங்க்சர் எல்லாம் சேர்த்தால் பத்து, பத்தரை மணி நேரத்தில் வந்து நிற்கும். இதைப் போட்டியின் கட்-ஆஃப் நேரத்தோடு, அதாவது முடிக்க வேண்டிய கெடுவோடு, ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கட்-ஆஃப் என்றால் முடிவுக் கோட்டில் இருப்பது மட்டும் என்று நினைப்பது இன்னொரு தவறு. லெட்வில்லில் 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பெல்ட் பக்கிள் கிடைக்கும், 9 மணி நேரத்துக்குள் என்றால் பெரிய தங்க நிற பக்கிள். எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் பாதையின் நடுவிலும் சில இடங்களில் நேரக் கெடு இருக்கிறது. அந்த நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மெதுவாகத் தொடங்கி கடைசியில் வேகமெடுப்பவர்களுக்கு இந்த இடைக் கெடுக்கள்தான் எமன். விதிமுறைகள் பக்கத்தில் அவை மணி வாரியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எத்தனை மீட்டர் ஏற்றம் இருக்கிறது என்று பாதை வரைபடத்தில் குறித்து, உங்கள் எண்ணால் வகுத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

வரைபடத்தைத் திறந்ததும், கடினமான ஏற்றம் எங்கே வருகிறது என்றும் கவனியுங்கள். கிராண்ட் ரெய்டில் 2,787 மீட்டர் உயரத்தில் இருக்கும் பா த லோனா கணவாய், போட்டியின் கடைசிப் பகுதியில் வருகிறது. அங்கே பெரும்பாலோர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ தோளில் தூக்கிக்கொண்டோ நடக்கிறார்கள். அதே போட்டியில் எரமான்ஸ், எவலேன் என்ற ஊர்களிலிருந்து தொடங்கும் குறைந்த தூரப் பிரிவுகளும் உண்டு. ஆனால் எல்லாப் பிரிவும் கிரிமென்ட்ஸில்தான் முடிகிறது. அதனால் சின்னப் பிரிவில் சேர்ந்தாலும் பா த லோனாவை விட முடியாது. தூரம் குறைந்தால் கஷ்டமும் அதே அளவு குறையும் என்று எண்ணிச் சேர்பவர்கள் அங்கேதான் தவிக்கிறார்கள். லெட்வில்லிலும் இப்படித்தான்: போகும்போது இறங்கிய பவர்லைன் என்ற சரிவை, திரும்பி வரும்போது சுமார் 130 கிலோமீட்டர் ஓட்டிய கால்களோடு ஏற வேண்டும். அங்கேயும் நிறையப் பேர் இறங்கித் தள்ளுவார்கள்.

இனி காற்று. கடல் மட்டத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை.

லெட்வில் ஊரே சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். அதாவது தென்னிந்தியாவில் எங்கே ஏறி நின்றாலும், அந்தப் போட்டியின் தொடக்கக் கோடு உங்களைவிட நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து கொலம்பைன் என்ற பழைய சுரங்கப் பகுதிக்கு, சுமார் 3,780 மீட்டர் வரை, ஏறிப்போக வேண்டும். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் உடலின் உச்ச ஆக்சிஜன் திறன் சுமார் பத்து சதவீதம் குறைகிறது. அப்போது கிலோமீட்டருக்கு 21 மீட்டர் என்ற அந்த இதமான எண்ணுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். நம் ஊர் மலையில் அளந்த மணிக்கு 600 மீட்டர் அங்கே 500 ஆகலாம், அதற்குக் கீழும் போகலாம்.

2007, 2008 ஆண்டுகளில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். டூர் டி பிரான்ஸில் பெயர் எடுத்த ஃபிளாய்ட் லாண்டிஸும் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கும் அடுத்தடுத்த வருடங்களில் லெட்வில்லுக்கு வந்தார்கள். இருவரையும் வென்றவர் டேவ் வீன்ஸ், நாற்பதைத் தாண்டியவர், கொலராடோவிலேயே சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கும் கன்னிசன் ஊர்க்காரர். அவர் 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறு முறை ஜெயித்தார். பல காரணங்கள் இருக்கலாம்; ஆனால் அந்தக் காற்றிலேயே வாழ்ந்தது அதில் பெரும் பங்கு என்றுதான் நான் நினைக்கிறேன்.

உயரமான போட்டியைத் தேர்ந்தெடுப்பவர் அங்கே போய்ப் பழகுவதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஊட்டியில் ஒரு வாரம் தங்கிப் பயிற்சி எடுப்பது கால்களுக்கு நல்லது, 3,000 மீட்டர் காற்றுக்கு அது போதாது. போன முதல் இரண்டு மூன்று நாட்களில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது சாதாரணம். அது அதிகமானால் தாக்குப்பிடிக்கப் பார்க்காமல் கீழே இறங்கிவிட வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. அலுவலகத்தில் பத்து நாள் லீவுக்கே போராடுகிறவர் என்றால் லெட்வில்லை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பாட் கோய்செர்ன் 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஏற்றம் பயங்கரம், ஆனால் மூச்சு கிடைக்கும். நம் மாதிரி ஆட்களுக்குக் கால் வலியைச் சமாளிப்பது சுலபம், காற்றில்லாமல் சமாளிப்பது அப்படி இல்லை.

இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. நம்மில் பலர் வளர்ந்தது தார் ரோட்டில். ஏற்றத்தில் கால் தளர்ந்தால் நடக்கலாம்; நீண்ட கரடுமுரடான இறக்கத்தில் முன்கை தளர்ந்தால் பிரேக் பிடிக்க முடியாது. லெட்வில் பெரும்பாலும் அகலமான மண் ரோடுகள், இந்த வகையில் அது எளிது. ஹீரோவிலும் கிராண்ட் ரெய்டிலும் கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகள் உண்டு. போட்டியின் வீடியோக்களில் முன்னணி வீரர்கள் இறங்குவதைப் பார்த்து எடை போட வேண்டாம். கடைசி வரிசைக்காரர்கள் எங்கே இறங்கி நடக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். உங்களிடம் பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் சைக்கிள்தான் இருக்கிறது என்றால் அதற்கு ஏற்ற பாதையைத் தேர்ந்தெடுங்கள், ஒரு போட்டிக்காகப் புது சைக்கிளுக்குக் கடன் வாங்காதீர்கள். கியரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்: முன்னால் 30 பல், பின்னால் 50 அல்லது 51 பல் இருந்தால் முட்டி தப்பிக்கும்.

மாதத்தையும் பார்க்க வேண்டும், அங்கே மட்டுமல்ல, இங்கேயும். ஹீரோ ஜூனில், சால்ஸ்காமர்கூட் ஜூலையில், லெட்வில்லும் கிராண்ட் ரெய்டும் ஆகஸ்டில். ஜூன் போட்டி என்றால் உச்சக்கட்டப் பயிற்சி அக்னி நட்சத்திரத்தில் விழும். ஆகஸ்ட் போட்டி என்றால் நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையும் பனிமூட்டமும் இருக்கும்போது நீண்ட ஏற்றங்களை ஓட்ட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் மழையே மேல். அங்கே எதிர்பார்க்க வேண்டியதும் குளிரும் ஈரமும்தானே. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறரை டிகிரி அளவுக்குக் குறையும், பிற்பகலில் இடி மின்னலும் வரும். மழை ஜாக்கெட் இல்லாமல் கணவாய்க்கு ஏறக் கூடாது.

விசா விஷயத்தில் பணத்தை இழந்தவர்கள் நிறைய. இந்த மூன்று ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; கோடைக்கு முன்னால் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு. லெட்வில்லுக்கு இடம் கிடைப்பதே பெரும்பாலும் குலுக்கலில்தான், அதற்குமேல் அமெரிக்க விசாவும் வேண்டும். வர முடியாவிட்டால் கட்டணம் திரும்புமா, அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருவார்களா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே படித்துவிடுங்கள். இத்தாலியில் போட்டி விளையாட்டுகளுக்கு மருத்துவச் சான்று கேட்பது வழக்கம். அதை எந்த வடிவத்தில் கேட்கிறார்கள் என்று பார்த்து டாக்டரிடம் போங்கள். சைக்கிள் பெட்டி விமானத்தில் பின்தங்கி வருவதும் நடக்கும், அதனால் முந்தின நாள் போய் இறங்கும்படி டிக்கெட் போடாதீர்கள்.

முதல் முறை போகிறவருக்கு நான் கைகாட்டுவது ஹீரோவின் 60 கிலோமீட்டர் பாதையை. ஏற்றம் 3,200 மீட்டர், வகுத்தால் 53. ஆக மலையின் குணம் கொஞ்சமும் குறையவில்லை, நாள்தான் சிறியது. அதற்குப் பணம் கட்டும் முன் ஒரு வார நாளில், கூட்டம் இல்லாதபோது, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏறுங்கள். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 3,000 மீட்டர் வரும். இரண்டாவது ஏற்றத்துக்கு முதலாவதைவிட எவ்வளவு நேரம் கூடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மதியத்துக்கு மேல் வயிறு உணவை ஏற்றுக்கொண்டதா என்றும் பாருங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். வாழைப்பழமோ வெல்லம் போட்ட கடலை மிட்டாயோ எதுவானாலும் சரி. இரண்டாவது ஏற்றம் ஒரு மணி நேரம் கூடிப்போய், வாழைப்பழத்தைப் பார்த்தாலே குமட்டியது என்றால் பதிவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். கால் மணி நேரம்தான் கூடியது, பசியும் எடுத்தது என்றால் அன்றைக்கு ராத்திரியே பதிவு செய்துவிடலாம்.