கர்ப்பப்பை இறக்க ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் தங்கினால்

கர்ப்பப்பை இறக்கத்தைத் தைத்துச் சரிசெய்த பிறகோ, இருமினால் சிறுநீர் கசிவதை நிறுத்தச் சிறுநீர் வழிக்கு அடியில் நாடா வைத்த பிறகோ, சிறுநீர்க் குழாயை எடுத்ததும் சில பெண்களுக்குச் சிறுநீர் சரியாக இறங்காது. வீக்கம், வலி, முதுகில் போட்ட மயக்க ஊசி, டிராமடால் என்ற வலி மாத்திரை, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. பெரும்பாலும் சில நாளில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும்.

"ஒன்றுக்குப் போயாச்சு" என்ற பதில் மட்டும் போதாது. போனது எவ்வளவு, தங்கியது எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக 300 மில்லி உப்புநீரை விட்டு, குழாயை உருவிவிட்டு, உடனே போகச் சொல்வார்கள். 200 மில்லியாவது வந்தால் தேறியது. யாங்கோனில் ஆபரேஷன் முடித்துத் தட்டோன், மௌல்மீன் பக்கம் பஸ் ஏறுகிறவர்கள் இந்த அளவைக் கேட்டுக்கொள்ளாமல் கிளம்ப வேண்டாம்.

வீட்டில், பாதங்களை ஊன்றி முன்பக்கம் சாய்ந்து உட்காருங்கள். முக்கினால் தையலுக்குக் கேடு. முடிந்ததும் எழுந்து நின்று, ஒரு நிமிஷம் கழித்து மறுபடி உட்கார்ந்தால் மிச்சமும் வரும். குந்தும் கக்கூசில் அரைகுறையாகக் குந்தி நின்றால் அடித்தசை தளராது; நடுவில் துளையுள்ள நாற்காலி வாங்கிவிடுங்கள்.

அப்படியும் தங்கினால், நர்ஸிடம் கற்றுக்கொண்டு நீங்களே குழாய் விட்டு எடுக்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தலையணையில் சாய்ந்து, கண்ணாடியை வைத்துத் துளையைப் பாருங்கள். பெண்களுக்கு வழி 4 செண்டிமீட்டர்தான். ஜெல் தடவிய 12ஆம் நம்பர் குழாயை மெல்ல விடுங்கள். சிறுநீர் வந்ததும் இன்னும் 2 செண்டிமீட்டர் உள்ளே. 10 செண்டிமீட்டர் போயும் ஒன்றும் வரவில்லையென்றால் பிறப்புவழிக்குள் போயிருக்கும். எடுக்காதீர்கள். அதை அடையாளமாக அங்கேயே விட்டு, புதுக் குழாயை அதற்கு மேலே விடுங்கள்.

4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, முதலில் தானாகப் போய்ப் பார்த்து, பிறகு குழாய். இரண்டையும் கோடு போட்ட ஜக்கில் அளந்து எழுதுங்கள். ஒரு தடவைக்கு இரண்டும் சேர்ந்து 400 மில்லியைத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். மிதமிஞ்சி விரிந்த சிறுநீர்ப்பை சுருங்க மறந்துவிடும். தங்குவது தொடர்ந்து 100 மில்லிக்குள் வந்தால் நிறுத்துவதுபற்றி டாக்டரிடம் பேசலாம்.

உள்ளேயே தங்கும் குழாயும் பையுமாக அனுப்பியிருந்தால், லுங்கிக்குள் பை மறைவது ஒரு வசதி. இறுக்கிச் செருகும்போது குழாய் மடங்கிவிடுவதுதான் தொல்லை. பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே, தரையில் படாமல் இருக்கட்டும்.

சிறுநீர் கட்டுமென்று பயந்து தண்ணீரைக் குறைப்பது தப்பு. நாளெல்லாம் பரவலாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். டீக்கடை லப்பேயே (டீ) மட்டும் குறையட்டும். மூன்று வீசைக்கு (சுமார் 5 கிலோ) மேல் தூக்காதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையில் குளோர்பெனிரமின் இருந்தால், அதுவே சிறுநீரை அடைத்துவிடும்.

6 மணி நேரம் ஒன்றும் வராமல் அடிவயிறு கல்லாக இருந்தாலோ, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நிரம்பி வழிவதும் அப்படித்தான் இருக்கும். நாடா வைத்தவர்கள் ஒரு வாரமாகியும் திணறினால் சர்ஜனைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே என்றால் நாடாவைத் தளர்த்திவிடலாம், தசை பற்றிக்கொண்ட பிறகு வெட்டத்தான் வேண்டிவரும்.