எலும்பு ஸ்கேன் சொல்லும் எண் சரியா? லேப்டாப்பிலேயே சோதிக்கலாம்

எலும்பு ஸ்பெக்ட் ஸ்கேனில் (உடம்பில் ஏற்றிய கதிரியக்க மருந்து விடும் காமா கதிர்களைச் சுற்றிலும் படமெடுக்கும் ஸ்கேன்) ஒரு முள்ளெலும்பு பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தைவிட 2 மடங்கு மருந்து ஏறியிருக்கிறது என்கிறது கணினி. உண்மையிலும் 2 தானா? நோயாளியின் எலும்பைத் திறந்து பார்க்க முடியாது. கணினிக்குள் போலி உடம்பை நாமே செய்தால் விடை முன்பே கையில் இருக்கும். வியாசர்பாடி மாடி அறையில், பழைய லினக்ஸ் லேப்டாப்பில் இதைத்தான் செய்து பழகினேன். மென்பொருள் 'கேட்' (GATE), இலவசம். ஃபோட்டான் (காமா கதிர்த் துகள்) ஒவ்வொன்றின் பயணத்தையும் அது கணினியில் நடத்திக் காட்டும்.

1. உடம்பு: 20 செ.மீ. விட்டத்தில் நீர் உருளை. உள்ளே 10, 17, 28, 37 மி.மீ. எலும்பு உருண்டைகள். நீரின் கதிரியக்கச் செறிவு 1, உருண்டைக்கு 4. இந்த 4-ஐக் குறித்து வையுங்கள்.

2. மூலம்: டெக்னீசியம்-99எம், எலும்பு ஸ்கேன் மருந்தில் உள்ள கதிரியக்கப் பொருள். காமா ஆற்றல் 140 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு).

3. கேமரா: ஈயக் காலிமேட்டர் (நேரே வரும் ஃபோட்டானை மட்டும் விடும் துளைத் தகடு), ஃபோட்டானைப் பிடிக்க 9.5 மி.மீ. தடிமனில் சோடியம் அயோடைடு படிகம், ஆற்றல் ஜன்னல் (கேமரா ஏற்கும் ஆற்றல் எல்லை) 126 முதல் 154 கேஇவி.

ஜன்னல் எதற்கு? கேரம் ஆடியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். மோதித் திரும்பிய காயின் வேகம் குறையும். உடம்பில் மோதித் திரும்பிய ஃபோட்டானுக்கு ஆற்றல் குறையும், அதை ஜன்னல் தடுக்கும். ஆனால் 45 டிகிரி திரும்பினாலும் சுமார் 130 கேஇவி மிச்சமிருக்கும், ஜன்னலில் நுழைந்துவிடும். எது நேரே வந்தது, எது திரும்பி வந்தது என்று நிஜக் கேமராவுக்குத் தெரியாது. கேட் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருக்கும்.

4. ஓட்டம்: முதலில் காற்றில் ஒரு புள்ளி மூலம் வைத்துப் பாருங்கள். கேமரா கையேட்டில் உள்ள பிரிதிறன் (புள்ளி எவ்வளவு மங்கி விரிகிறது என்ற அளவு) வராவிட்டால் மேலே போக வேண்டாம். முதல் தடவை நான் 1 லட்சம் ஃபோட்டான்தான் விட்டேன். படத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்! இந்த அமைப்பை எழுதிய ஃபைலில் தப்பு என்று ராத்திரியெல்லாம் தேடினேன். தப்பே இல்லை, காலிமேட்டர் 10,000-இல் ஒன்றிரண்டைத்தான் உள்ளே விடும். கோடிக்கணக்கில் விட வேண்டும். கரண்ட் போகும், அதனால் சிறு ஓட்டங்களாகப் பிரித்துக் கடைசியில் கூட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் சீட் எண்ணை (கணினியின் தற்செயல் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் ஒரே ஓட்டத்தைத்தான் திரும்பத் திரும்பக் கூட்டுவீர்கள்.

5. சோதனை: பல கோணங்களில் எடுத்தவற்றிலிருந்து முப்பரிமாணப் படத்தை மீளுருவாக்கி, உருண்டையின் சராசரியை நீரின் சராசரியால் வகுங்கள். வருவதை 4-ஆல் வகுங்கள். 1 வந்தால் சரி. அப்புறம் சிதறல் (மோதித் திரும்பி வந்தவை), உறிஞ்சல் (உடம்பிலேயே நின்றுபோனவை) திருத்தங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

37 மி.மீ. உருண்டை 1-ஐ நெருங்கும். 10 மி.மீ. நெருங்காது, கேமராவின் மங்கலே ஏறக்குறைய ஒரு செ.மீ., உள்ளே இருப்பது வெளியே வழிந்துவிடும். அதற்கும் ஒழுங்காக 1 வந்தால்தான் ஃபைலை மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.