லாரி எஞ்சின் கனெக்டரில் ஆயிலா? ஒயருக்குள் ஓடும் ஆயிலை நிறுத்தும் முறை

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஆயில் பிரஷர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பின்கள் கறுப்பு ஆயிலில் மூழ்கிக் கிடக்கின்றன. துடைத்து மாட்டி அனுப்பினால் சில நாட்களில் வண்டி திரும்பி வந்து நிற்கிறது. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் நெல் மூட்டை ஏற்றும் லாரிகளில் இந்தக் கோளாறு அறுவடைக் காலத்தில்தான் அதிகமாக வெளியே தெரியும். கசிந்த ஆயிலில் நெல் சுணை அப்பிக்கொண்டு கனெக்டரே தெரியாதபடி மூடிவிடும்.

பெரும்பாலானோர் கனெக்டரின் வெளிப்புறத்தில் சிலிகான் பசையைப் பூசி அடைக்கிறார்கள். அதனால் பயனே இல்லை. ஆயில் வெளியிலிருந்து உள்ளே வரவில்லை, உள்ளிருந்து வருகிறது. சென்சாருக்குள் இருக்கும் சவ்வு அல்லது சீல் பழுதாகும்போது எஞ்சின் ஆயிலின் அழுத்தமே அதைக் கனெக்டருக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து ஒயரின் மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, ஊர்ந்துகொண்டே போகும். விட்டுவைத்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். பெட்டி வரை போய்விடும். அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டவர்கள் சென்சார் மாற்றத் தயங்கவே மாட்டார்கள்.

இன்னொன்று. புளித்த காடி வாசம் வரும் மலிவான சிலிகான் பசை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அது செம்பை அரிக்கும். மின் இணைப்பின் பக்கத்திலேயே அதைக் கொண்டுவரக் கூடாது.

வேலை தொடங்கும் முன்

எஞ்சின் ஆறட்டும். பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிப்படி வந்த) வண்டியாக இருந்தால் சாவியை அணைத்த உடனே பேட்டரி சுவிட்சைத் துண்டிக்காதீர்கள். புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசலின் பம்ப், குழாயில் உள்ளதைத் தொட்டிக்கு இழுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்தச் சத்தம் நின்ற பிறகு நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் ஒயர்களைத் தொடவே கூடாது. அவற்றில் பாயும் மின்னழுத்தம் பேட்டரியின் 24 வோல்ட்டைவிட மிக அதிகம்.

ஆயில் எங்கிருந்து வருகிறது?

முதலில் அந்தப் பகுதி முழுவதையும் துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு கனெக்டரின் பூட்டை விடுவித்து நேராக இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சென்சாரின் பின்களைச் சுற்றி ஆயில் தேங்கியிருந்தால் குற்றவாளி அந்தச் சென்சார்தான். இன்ஜெக்டர் கனெக்டரில் ஆயில் இருந்தால் எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குள் பாருங்கள். அங்கே ஒயர்கள் எப்போதும் ஆயிலில் நனைந்தபடியே இருக்கும். அவை வெளியே வரும் இடத்தில் உள்ள கனெக்டரின் சீல் இறுகிப்போயிருந்தால் ஆயில் வெளியே வரும்.

சரியான இடத்தைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒயரைச் சென்சார் பக்கத்திலிருந்து இ.சி.எம். பக்கமாகக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தி உருவுங்கள். எதிர்முனையின் பின்னுக்குப் பின்னால், ஒயர் உள்ளே நுழையும் இடத்தில், கடுகளவு ஆயில் துளி முத்துப்போல் எழுந்து நின்றால் அந்த ஒயரில் ஆயில் போய்க்கொண்டிருக்கிறது. எல்லா ஒயரையும் இப்படிப் பாருங்கள். ஒரு ஒயரோடு நின்றுவிட்டால் வேலை பாதியில் நின்றதாகத்தான் அர்த்தம்.

சுத்தம் செய்தல்

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ரப்பர் சீல் ஊதிப்போகும், பிசின் படியும். எச்சம் வைக்காத கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை நான் கனெக்டருக்குப் பயன்படுத்துவதில்லை, அது தன் பங்குக்கு ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்கிறது. கிளீனரை அடித்து, சிறு பிரஷ்ஷால் தேய்த்து, கம்ப்ரஸர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடுங்கள். ஈரம் முழுவதும் ஆவியாகும் வரை காத்திருங்கள். பின்னை வெளியே எடுக்க வேண்டியிருந்தால் அதற்கென்று உள்ள கருவியே நல்லது. ஊக்கும் ஊசியும் பின்னின் பூட்டை உடைத்துவிடும்.

ஓட்டத்தைத் தடுப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். சென்சாரை மாற்றி, சுத்தம் செய்து மாட்டிய பிறகும் இ.சி.எம். முனையில் ஆயில் வரும். புதுச் சென்சாரும் கசிகிறது என்று நினைத்து மறுபடி ஒன்று வாங்குபவர்கள் உண்டு. உண்மையில் அது நீண்ட ஒயருக்குள் ஏற்கெனவே தங்கிப்போன பழைய ஆயில். எஞ்சின் சூடாகும்போதெல்லாம் இளகிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எனவே ஆயில் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். சென்சார் பக்கம் காய்ந்திருந்து இ.சி.எம். பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். அடுத்தடுத்த சர்வீஸ்களில் துடைத்துக்கொண்டே வந்தால் குறையும்.

அதையும் நிறுத்த வேண்டுமானால், கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒயரை வெட்டி, இரு முனைகளின் உறையையும் சீவி, இழைகளைக் கிளீனரால் கழுவிக் காயவிடுங்கள். பின் இழைகளுக்கு இடையே முழுவதும் ஊடுருவும்படி ஈயம் பற்றவைத்து இணையுங்கள். ஈயம் இடைவெளியை நிரப்பினால் ஆயிலுக்கு வழி இல்லை. எண்ணெய்ப்பசை மிச்சமிருந்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும், மறுபடி கழுவ வேண்டும். மேலே, உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கிப் போடுங்கள். இரண்டு மூன்று ஒயர்களை வெட்டினால் இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாதபடி முன்பின்னாக வெட்டி, அதிர்வில் ஆடாமல் கட்டிவிடுங்கள்.

முறுக்கிய ஜோடி ஒயர்களையும் இன்ஜெக்டர் ஒயர்களையும் இப்படி வெட்டாதீர்கள். அவற்றுக்கு ஹார்னஸை, அதாவது ஒயர்க் கட்டை, முழுதாக மாற்றுவதே சரி.

மாட்டும்போது

சென்சாருக்குப் புது வாஷர் அல்லது ஓ-ரிங் போட்டு, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். கனெக்டரின் ரப்பர் சீலில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும். பின்களுக்குள் கிரீஸை அடைப்பது வீண். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளுக்கு இந்தக் கிரீஸை நான் தவறவிடுவதே இல்லை, உப்புக்காற்று பட்ட செம்பு வெகு சீக்கிரம் பச்சை பூக்கும். வண்டியைக் கழுவ விடும்போது உயர் அழுத்தத் தண்ணீரைக் கனெக்டர்கள் மேல் நேராகப் பாய்ச்ச வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த கும்பகோணத்து லாரி உரிமையாளர் ஒருவர், தன் வண்டியின் கனெக்டரில் ஆயிலே இல்லை, வெள்ளைப் பொடிதான் இருக்கிறது என்றார். அது யூரியா கரைசல் கசிந்து உறைந்தது. கான்டாக்ட் கிளீனருக்கு அது கரையாது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு, வெதுவெதுப்பான வாலை நீரால் கரைத்துத் துடைத்து நன்கு உலர்த்துங்கள். யூரியா கரைசல் செம்பை ஆயிலைவிட வேகமாகத் தின்னும். அதனால் ஒயரின் உறையைச் சிறிது சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளப்பாக இருக்கும் இடம் வரும் வரை வெட்டி எடுங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்கவே இல்லையென்றால் ஹார்னஸை மாற்றுங்கள்.