கடைசி ஐந்து யார்டு: ஃபிளாக் ஃபுட்பால் குவாட்டர்பேக்குக்கு ஒரு கையேடு

இடித்துத் தள்ளாமல், இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கி ஓட்டத்தை நிறுத்தும் ஃபிளாக் ஃபுட்பால் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. சிங்கப்பூர்த் திடல்களில் வாரயிறுதியில் இதை ஆடுபவர்களில், நடுத்திடலில் அழகாக எறியும் குவாட்டர்பேக்குகள்கூட (பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்), புள்ளி எடுக்கத் தாண்ட வேண்டிய எதிரணிக் கோட்டை நெருங்கியதும் தடுமாறுவதுண்டு. அங்கே எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதி, ஸ்னாப்புக்கு முன்பே, அதாவது சென்டர் பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குமுன்பே, எடுத்து முடித்திருக்க வேண்டியவை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஐவர் ஆட்டத் திடல் 50 யார்டு நீளம், 25 யார்டு அகலம். அதற்கு அப்பால் இரு முனையிலும் 10 யார்டு எண்ட் ஸோன், பந்தோடு அதற்குள் போனால் டச்டவுன். மீட்டரில் சொன்னால் அகலம் ஏறத்தாழ 23, எண்ட் ஸோன் ஆழம் 9. கோட்டுக்கு முந்தைய 5 யார்டு ஓடக்கூடாத பகுதி. பந்து அதற்குள் வைக்கப்பட்டால் பாஸ் மட்டுமே அனுமதி. எதிரணிக்கும் இது தெரியும். ஐந்து பேரும் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பாஸுக்கே காத்திருப்பார்கள். நீங்கள் எறியக்கூடிய இடமோ மொத்தமே 15 யார்டு ஆழம்தான்.

இதிலிருந்து பலர் கவனிக்காத ஒன்று புலப்படும். கோட்டுக்கு 4 யார்டில் பந்து இருப்பதைவிட 6 யார்டில் இருப்பது பல நேரங்களில் மேல். ஆறில் இருந்தால் கைமாற்றி ஓடலாம். ஓடுவதுபோல் பாவனை காட்டி எறியவும் செய்யலாம். டிஃபெண்டர் அரை வினாடி தயங்கினால் போதும், பாஸை வாங்க ஓடும் ரிசீவர் விடுபட்டுவிடுவார். அதனால் முதல் இரண்டு டவுனில் (டவுன் என்பது அணிக்குக் கிடைக்கும் ஒரு முயற்சி), 12 யார்டிலிருந்து எண்ட் ஸோனுக்குள் நேராகப் போகும் பாஸ் இல்லையென்றால், 6 அல்லது 7 யார்டில் முடியும் பாஸைத் தேர்ந்தெடுங்கள். கோட்டைத் தாண்ட வழியில்லை என்று தெரிந்தால் ரிசீவர் அங்கேயே முழங்காலைத் தரையில் வைத்துவிடலாம். அந்த முயற்சி அந்த இடத்திலேயே முடியும். இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்து 4 யார்டில் கொடியைப் பறிகொடுத்தால் உங்கள் தேர்வுகளில் பாதி போய்விடும். இதை ஹடிலில், ஸ்னாப்புக்கு முன் அணி கூடிப் பேசும்போது, வாய்விட்டுச் சொல்லுங்கள், ரிசீவர் தானாக நினைத்துப் பார்க்கமாட்டார்.

அடுத்து நேரம். ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: கடைசி இரண்டு நிமிடத்தில் கடிகாரம் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? கடிகாரத்தை நிறுத்த அணி கேட்கக்கூடிய டைம்அவுட் ஒரு பாதிக்கு எத்தனை? பந்தை எங்கே வைப்பீர்கள், கொடி பிடுங்கப்பட்ட இடத்திலா, அப்போது பந்து இருந்த இடத்திலா? அனைத்துலக விதிப்படி 20 நிமிடப் பாதிகள் இரண்டு. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்து கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் பாஸ் தவறினாலோ எல்லைக்கு வெளியே போனாலோ நிற்கும். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த திடலில், அடுத்த குழு வேலியோரம் காத்திருக்கும்போது, ஏற்பாட்டாளர்கள் கடைசிவரை நிறுத்தாமல் ஓடவிடுவதும் உண்டு. இந்த வேறுபாடு உங்கள் கணக்கையே மாற்றிவிடும்.

40 வினாடி, டைம்அவுட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னாப்பில் தொடங்கிப் பந்து நிற்கும்வரையான ஓர் ஆட்டத்துக்கு 5 வினாடி போகும். எல்லைக்குள் கொடி பிடுங்கப்பட்டால், ஹடில் இல்லாமல் விரைந்து வரிசையில் நிற்க 12 வினாடி. கடிகாரம் நிற்கும் விதியில் இரண்டு முறை உள்ளேயே மாட்டிக்கொண்டாலும் 34 வினாடி செலவாகி, ஆறு மிஞ்சும். மூன்றாவது வாய்ப்பு உண்டு. ஓடும் கடிகாரத்தில் தவறிய பாஸும் நேரத்தைத் தின்னும், உருண்டுபோன பந்தை எடுத்துவர வேண்டும். ஆக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருபது வினாடி. அதே நாற்பதில் இரண்டு வாய்ப்புதான். மூன்றென்று நினைத்து முதலாவதை நான்கு யார்டு பாஸுக்குச் செலவழித்த அணி, கடைசி ஸ்னாப்புக்கு முன் விசில் கேட்கும்.

இப்படி எண்ணிக்கை தெரிந்தபின் எறியும் இடத்தை முடிவு செய்யலாம். மிச்சம் இரண்டு அல்லது அதற்கு மேல் ஆட்டங்கள் இருந்தால், தவறினால் யாருக்கும் கிடைக்காத பாஸை மட்டும் எறியுங்கள். ஓரக்கோட்டை நோக்கி இடுப்புக்குக் கீழே, அல்லது பின்கோட்டருகே ரிசீவர் எம்பினால் மட்டும் எட்டும் உயரத்தில். இப்படிப்பட்ட பாஸ் தவறினால் இழப்பது ஒரு டவுன்தான். நடுவில், மார்பு உயரத்தில், தாமதமாக எறிவதுதான் ஆபத்து. குறுகிய இடத்தில் ஒரு விரல் பட்டால்கூடப் பந்து மேலே எழும்பி யார் கைக்கும் போகலாம். கடைசி ஆட்டமென்றால் கணக்கு தலைகீழ்: எண்ட் ஸோனுக்குள் போகாத எந்தப் பாஸும் வீண். அப்போது நெருக்கடியிலும் உள்ளே எறிந்தே ஆக வேண்டும்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் இறுதிப்போட்டி, 2015 சூப்பர் பவுல். இடித்துத் தள்ளும் ஃபுட்பால்தான், ஆனாலும் அதன் கடைசி நிமிடத்தை இந்தக் கண்ணால் பாருங்கள். சிங்கப்பூரில் அப்போது திங்கட்கிழமை முற்பகல். சியாட்டல் 24-28 என்று பின்தங்கியிருக்கிறது. இரண்டாவது டவுன், கோட்டுக்கு ஒரு யார்டு, 26 வினாடி, ஒரே ஒரு டைம்அவுட். சியாட்டலின் குவாட்டர்பேக் ரஸல் வில்சன் எறிந்த பந்தை எதிரணியான நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பறித்தார். பந்தோடு ஓடுபவரான மார்ஷான் லின்ச்சிடம் கொடுத்து ஓடவிட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் பாஸ் தவறான தேர்வல்ல. ஓடித் தோற்றால் டைம்அவுட் போய்விடும், மூன்றாவது டவுனில் கிட்டத்தட்ட எறிந்தே ஆக வேண்டும். பாஸ் தவறினாலோ கடிகாரம் தானாக நிற்கும், டைம்அவுட் கையில் இருக்கும், அடுத்து ஓடவும் வழி உண்டு. சிக்கல் பந்து போன பாதையில். உட்புறமாக வெட்டி ஓடிய ரிசீவரை நோக்கி, டிஃபெண்டரும் பாய்ந்து வரக்கூடிய நடுப்பகுதிக்கு அது போனது. இரண்டு ஆட்டம் மிச்சமிருக்கும்போது அந்தப் பாதை வேண்டாம்.

களத்தில் பார்வையை இந்த வரிசையில் ஓட்டுங்கள். முதலில் ரஷர், அதாவது உங்கள் கொடியைப் பிடுங்கப் பாய்ந்து வரும் எதிரணி வீரர். அவர் ஸ்னாப் கோட்டிலிருந்து 7 யார்டு தள்ளி நின்றால்தான் உங்களை நோக்கிப் பாய முடியும். பந்து 3 யார்டில் இருந்தால் அவர் எண்ட் ஸோனுக்குள் 4 யார்டு ஆழத்தில் நிற்பார். நீங்கள் 5 யார்டு பின்னால் நின்று பந்தை வாங்கினால், அவர் வந்து சேர இரண்டு முதல் இரண்டரை வினாடி ஆகும். அதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவர் கிளம்பிய இடம் காலியாகிறது என்பதையும் மறக்காதீர்கள். சென்டர் பந்தைக் கொடுத்துவிட்டு இரண்டு காலடி உள்ளே போய்த் திரும்பி நின்றால், அந்தக் காலியிடத்தில்தான் நிற்பார்.

ரஷர் வரவில்லையென்றால் ஐந்து பேரும் காவலில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் காவலா, அவரவர் பகுதியைக் காக்கும் இடக்காவலா என்று அறிய, ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவரைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஒரு டிஃபெண்டர் கூடவே ஓடினால் ஆள் காவல். அதற்கு இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பாதையை ஒருவர் கடந்து ஓடுவது நல்ல மருந்து. உரசாமல், நின்று மறிக்காமல் ஓட வேண்டும், இல்லையேல் பெனால்டி. யாரும் நகரவில்லையென்றால் இடக்காவல். அப்போது ஒரே ஓரத்துக்கு இருவரை அனுப்புங்கள்: ஒருவர் கோட்டைத் தாண்டி 2 யார்டில், மற்றவர் 8 யார்டில். அந்த மூலையைக் காக்கும் ஒரே டிஃபெண்டர் எவரை நோக்கி அடி எடுத்து வைக்கிறாரோ, மற்றவருக்கு எறியுங்கள்.

பந்தைப் பிடித்தவர் கோட்டை நோக்கித் தாவக்கூடாது, கொடியைக் கையால் மறைக்கக்கூடாது. இரண்டுக்கும் தண்டனை உண்டு. தொலைக்காட்சியில் என்எஃப்எல் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் தாவல் அனிச்சையாக வரும், பயிற்சியிலேயே திருத்துங்கள்.

நீங்கள் முன்னணியில் இருந்தால் எல்லாம் மாறும். எல்லைக்குள்ளேயே ஆடுங்கள். ஸ்னாப்புக்கு 25 வினாடி உண்டு, மூன்று மிஞ்சும்வரை காத்திருங்கள். ஓரத்தில் நிற்கும் ஒருவர் சத்தமாக எண்ணட்டும். 2007 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் பிரையன் வெஸ்ட்புரூக், டல்லஸுக்கு எதிராக 10-6 என்று முன்னிலையில் இருந்தபோது, திறந்து கிடந்த எண்ட் ஸோனுக்குள் போகாமல் ஒரு யார்டு முன்பே விழுந்துவிட்டார். டல்லஸிடம் டைம்அவுட் இல்லை. மூன்று முறை முழங்காலிட்டு ஆட்டத்தை முடித்தார்கள். ஃபிளாக்கிலும் இது செல்லும்: எதிரணிக்கு டைம்அவுட் இல்லாமல், 75 வினாடிக்குக் குறைவாக இருந்து, உங்களிடம் மூன்று டவுன் மிச்சமிருந்தால் கோட்டைத் தாண்ட அவசியமில்லை.

மழை நம் ஊரில் தனிப் பாடம். ஃபிளாக்கில் பந்து தரையில் பட்டால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும், ஈரப் பந்தில் தாழ்வாக வந்த ஒரு ஸ்னாப் ஒரு டவுனைக் கொண்டுபோகும். ஓரத்தில் உலர்ந்த துணி வைத்திருங்கள், 5 யார்டுக்குப் பதில் 4 யார்டில் நின்று வாங்குங்கள், உயரமாக மிதக்கும் பாஸைக் கைவிடுங்கள். மின்னல் எச்சரிக்கை ஒலித்து ஆட்டம் நின்றால், திடலை விட்டு வெளியேறுமுன் டவுன், பந்தின் இடம், மிச்ச வினாடி மூன்றையும் நடுவரிடம் கேட்டு மணிக்கட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மீண்டும் தொடங்கும்போது கால்கள் இறுகியிருக்கும். முதல் பாஸ் குறுகியதாக இருக்கட்டும்.

பயிற்சிக்குப் பெரிய திடல் தேவையில்லை. நான்கு கூம்புகளால் 23 மீட்டர் அகல எண்ட் ஸோனைக் குறியுங்கள், கோட்டிலிருந்து 4.6 மீட்டரில் இன்னும் இரண்டு கூம்புகள். பயிற்றுநர் ஒவ்வொரு சுற்றிலும் புதிய நிலையைச் சொல்லட்டும்: 30 வினாடி, இரண்டாவது டவுன், ஆறு புள்ளி பின்னடைவு, கடிகாரம் நிற்காது. குவாட்டர்பேக் வரிசையில் நிற்குமுன் எத்தனை ஆட்டம் மிச்சம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். எண் தவறென்றால், பாஸ் டச்டவுனில் முடிந்தாலும் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.